தயிரும் சுங்கத் தீர்வையும்

பாலைக் காய்ச்சி, இளஞ்சூடு வரும்வரை ஆற வைத்து, ஒரு கரண்டி மோரை அதில் விட்டு மூடி வைத்தால் மறுநாள் காலையில் தயிர் கிடைக்கின்றது. இதனை நம் தோட்ட மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாடு வளர்த்த குடும்பங்களில் பிறந்தோர், பால் எந்தச் சூட்டில் இருக்கும்பொழுது உறை ஊற்றவேண்டும் என்பதை விரல் நுனியாலேயே அறிவர். அதே தயிர் ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டும்பொழுது அதற்கு ஓர் எண் இடப்படுகின்றது; அந்த எண்ணுக்கேற்ப ஒரு தீர்வை விதிக்கப்படுகின்றது; அத்தீர்வையைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடவும் செய்கின்றன. அவ்வழக்கின் முடிவு, எங்கோ ஒரு கொட்டகையில் பால் கறந்துகொண்டிருக்கும் ஒருவரின் பிழைப்பைத் தொடுகின்றது. எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தீர்வை என்பது யாது?

வெளிநாட்டிலிருந்து வரும் பண்டத்தின்மீது அரசாங்கம் வாங்கும் வரியே இறக்குமதித் தீர்வை. அதனைச் செலுத்துபவர் இறக்குமதி செய்யும் வணிகர். ஆனால் அவர் அத்தொகையைத் தம் கையிலிருந்து கொடுத்துவிட்டு வாளாவிருப்பதில்லை. பண்டத்தின் விலையில் அதனைச் சேர்த்துவிடுகின்றார். ஆகவே இறுதியில் கடையில் வாங்குபவரே பெரும்பாலும் அதனைச் செலுத்துகின்றார். இவ்வுண்மையை மறந்துவிட்டுத் தீர்வையைப் பற்றிப் பேசுவோர் பலர்.

தீர்வை இருவகைப்படும். பண்டத்தின் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று விதிப்பது ஒரு வகை. கிலோவுக்கு இத்தனை காசு என்று எடையின்மீது விதிப்பது மற்றொரு வகை. இவை இரண்டையும் சேர்த்து விதிக்கும் நாடுகளும் உள. மதிப்பின்மீது விதிக்கும் தீர்வை விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். எடையின்மீது விதிப்பது அவ்வாறன்று. விலை வீழ்ந்தாலும் அது அசையாது. உலகச் சந்தையில் பால் பொருள்களின் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால், தம் பண்ணையாளர்களைக் காக்க விரும்பும் நாடுகள் எடைத் தீர்வையையும் ஒரு கையில் வைத்துக்கொள்கின்றன.

வருவாய்க்காகத் தீர்வை விதிப்பதும் உண்டு. உள்நாட்டு உற்பத்தியைக் காப்பதற்காக விதிப்பதும் உண்டு. தயிருக்கு விதிக்கப்படும் பெருந்தீர்வைகள் யாவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

தயிருக்கு ஓர் எண்

ஒவ்வொரு நாடும் பண்டங்களுக்குத் தன் விருப்பப்படி பெயரிட்டுக்கொண்டிருந்தால் வாணிபம் நடவாது. ஆகவே உலக நாடுகள் கூடி ஒரே வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டன. 1988ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க அமைப்பு இன்று அதனைப் பேணி வருகின்றது. ஒரு பண்டத்தின் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. அதற்கு மேல் ஆசியான் நாடுகள் தமக்குள் எட்டு இலக்கங்கள் வரை பொதுவாக வைத்துக்கொண்டுள்ளன.

இவ்வகைப்பாட்டின் நான்காம் அத்தியாயத்தில் பால் பொருள்கள் வரிசையாக வருகின்றன. 0401 என்பது பாலும் பாலேடும். 0402 என்பது சுண்டிய பாலும் பால்மாவும். 0403 என்பதே நமக்கு வேண்டியது: மோர், உறைந்த பால், யோகர்ட், கெஃபீர் முதலான புளித்த பால் வகைகள் அனைத்தும் இதில் அடங்கும். 0404 பாலின் ஊறல் நீர், 0405 வெண்ணெய், 0406 பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் புளிக்கவைத்துச் செய்யப்படுவதே. ஆயினும் அதன் வாணிபம் மிகப் பெரியதாகையால் அதற்குத் தனி எண் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 0403க்குள் யோகர்ட் என்பது ஒரு பிரிவு. ஏனையவை இன்னொரு பிரிவு. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2003இல் வெளியிட்ட புளித்த பால் தரத்தின்படி, யோகர்ட் என்று பெயர் பெறவேண்டுமாயின் குறிப்பிட்ட இரண்டு நுண்ணுயிர்கள் சேர்ந்து பாலைப் புளிக்கவைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்பது ஒன்று; பல்கேரியாவின் பெயரைத் தாங்கிய லாக்டோபாசிலஸ் மற்றொன்று. அத்துடன் பால் புரதம் நூற்றுக்கு 2.7 பங்குக்குக் குறையலாகாது. நம் அன்னையர் நேற்றைய மோரைக் கொண்டு உறையவைக்கும் தயிரில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்து வாழ்கின்றன. அதற்கு எவரும் ஆய்வுச் சான்றிதழ் வாங்குவதில்லை. ஆகவே, தலைமுறை தலைமுறையாய் நாம் தயிர் என்று அழைத்து வருவது, தரநூல் எழுதுவோரின் கண்ணுக்கு வெறும் ‘புளித்த பால்’ என்றே தோன்றவும் கூடும். சுவைக்கு இதனால் யாதொரு குறையுமில்லை என்பதை வாசகர்கள் அறிவர்.

2022ஆம் ஆண்டில் வகைப்பாடு திருத்தப்பட்டபொழுது யோகர்ட்டுக்கு விரிவான இடம் கிடைத்தது. சாக்லெட், காப்பி, வாசனைப் பொருள், தானியம் ஆகியவை சேர்ந்திருந்தாலும் அது யோகர்ட்டாகவே கொள்ளப்படும் என்றாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: அவ்வாறு சேர்க்கப்படும் பொருள் பாலின் இயற்கைக் கூறு எதற்கும் மாற்றாக இருத்தல் கூடாது. பாலிலுள்ள கொழுப்பை நீக்கிவிட்டு அதனிடத்தில் தாவர எண்ணெயைச் சேர்த்தால் அப்பண்டம் நான்காம் அத்தியாயத்தை விட்டே வெளியேறிவிடும். ‘உணவுத் தயாரிப்பு’ என்னும் பெயரில் வேறோர் அத்தியாயத்திற்குச் சென்றுவிடும். செம்பனைத் தோட்டத்தில் வாழ்வோர்க்கு இது புதுமையன்று. கடைகளில் தேநீருக்கென விற்கப்படும் இனிப்புக் கிரீமர்களில் செம்பனை எண்ணெய் சேர்ந்திருப்பதை நாம் அறிவோம். நம் தோட்டத்துக் குலைகளிலிருந்து வந்த எண்ணெய் பாலோடு கலந்து குவளையை அடைகின்றது. சுங்க ஏட்டிலோ அது பாலாகக் கணக்கிடப்படுவதில்லை. எண் மாறும்பொழுது தீர்வையும் மாறக்கூடும் என்பதால், ஒரு பண்டம் எந்த எண்ணில் அடங்கும் என்பதைப் பற்றியே வணிகர்களும் சுங்க அதிகாரிகளும் ஓயாது வாதாடுகின்றனர்.

கனடாவின் தயிர் வழக்கு

தீர்வை, கோட்டா, வழக்கு என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த கதையொன்று கனடாவில் உண்டு.

கனடாவில் பால் உற்பத்தி திட்டமிட்ட ஒன்று. 1966இல் கனடியப் பால்பண்ணை ஆணையம் நிறுவப்பெற்றது. அதன்பின் படிப்படியாக, ஒவ்வொரு பண்ணையாளரும் ஆண்டுக்கு எவ்வளவு பால் விற்கலாம் என்னும் கோட்டா முறை உருவாயிற்று. நாட்டு மக்களுக்குத் தேவையான அளவே பால் கறக்கப்படும். அதற்கு நியாயமான விலை உறுதி செய்யப்படும். பால் மிகுந்து விலை வீழ்ந்து பண்ணையாளர் கடனாளியாகும் நிலை இதனால் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஒரு தொட்டியில் நீரை அளந்து விடவேண்டுமாயின், பக்கத்தில் வேறோர் ஓட்டை இருத்தல் கூடாதல்லவா? வெளிநாட்டுப் பால் பொருள்கள் தடையின்றி வந்தால் உள்நாட்டில் அளந்து கறப்பதில் பொருளில்லை. எனவே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

1988 ஜனவரியில் கனடா யோகர்ட்டையும் ஐஸ்கிரீமையும் அக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாதத்திலேதான் அமெரிக்காவுடன் தடையற்ற வாணிப உடன்பாட்டில் அந்நாடு கையொப்பமிட்டிருந்தது. ஒரு கையால் கதவைத் திறந்து மறுகையால் சாளரத்தை அடைத்தது போன்ற செயல் அது. அமெரிக்கா இதனை ‘காட்’ எனப்படும் தீர்வை வாணிபப் பொது உடன்பாட்டின் நடுவர் குழுவிடம் எடுத்துச் சென்றது.

அவ்வுடன்பாட்டின் பதினோராம் விதி, இறக்குமதியை அளவு கட்டித் தடுப்பதைப் பொதுவாகத் தடை செய்கின்றது. ஆயினும் ஒரு விலக்கு உண்டு. உள்நாட்டில் ஒரு விளைபொருளின் உற்பத்தியை அரசாங்கம் கட்டுப்படுத்துமாயின், அதே பொருளின் இறக்குமதியையும் கட்டுப்படுத்தலாம். கனடா இவ்விலக்கினைப் பற்றிக்கொண்டது. நாங்கள் பாலைக் கட்டுப்படுத்துகின்றோம். தயிரும் பாலின் மற்றொரு வடிவந்தானே என்பது அதன் வாதத்தின் சாரம். பண்ணையாளர் விற்பது கறந்த பால், தயிரோ ஆலையில் செய்த பண்டம், இரண்டும் ஒன்றல்ல என்பது அமெரிக்காவின் மறுப்பு.

தயிர் பால்தானா? நம் பாட்டிமார்களிடம் இவ்வினாவை எழுப்பினால் சிரித்துவிடுவர். ஆனால் நடுவர் குழு இதனை ஆழ்ந்து ஆராய்ந்தது. வெளிநாட்டு யோகர்ட் கனடிய ஆலைகளின் யோகர்ட்டோடு போட்டியிடுகின்றதே தவிர, பண்ணையாளர் ஆலைக்கு விற்கும் கறந்த பாலோடு நேரடியாகப் போட்டியிடவில்லை என்று கண்டு, 1989இல் கனடாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அத்தீர்ப்பு சரியே. ஆனால் ஆலையின் யோகர்ட் விற்காவிட்டால் ஆலைக்குப் பால் எதற்கு? பண்ணையாளரின் கண்ணால் பார்ப்போர்க்கு அத்தீர்ப்பு பாதி உண்மையையே கண்டது என்றே தோன்றும். நம் கருத்தும் அதுவே.

கனடா உடனே பணியவில்லை. அவ்வேளையில் 1986இல் உருகுவே நாட்டில் தொடங்கிய உலகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவு தெரியட்டும் எனக் காத்திருந்தது. 1994 ஏப்ரலில் மராக்கேஷ் நகரில் உடன்பாடு கையொப்பமாயிற்று. 1995இல் உலக வாணிப நிறுவனம் தோன்றியது. விளைபொருள்களுக்கு அளவுத் தடை விதிப்பதை நாடுகள் கைவிடவேண்டும், அத்தடைக்கு ஈடான தீர்வையை விதித்துக்கொள்ளலாம், அத்தீர்வையைப் பின்னர் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்பது புதிய ஏற்பாடு. வளர்ச்சியடைந்த நாடுகள் ஆறாண்டுகளில் சராசரியாக நூற்றுக்கு 36 பங்கு குறைக்கவேண்டும். ஆனால் ஒரு தனிப் பண்டத்திற்கு நூற்றுக்கு 15 பங்கு குறைத்தாலே போதும். பால் பொருள்களைக் காக்க விரும்பிய நாடுகளுக்கு அந்த 15 என்னும் எண் நல்ல நிழலாக அமைந்தது.

அவ்வாறு குறைத்த பின்னரும் கனடாவின் யோகர்ட் தீர்வை நூற்றுக்கு 237.5 பங்காக நின்றது. கிலோவுக்கு 46.6 காசுக்குக் குறையலாகாது என்றும் ஒரு வரம்பு உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ யோகர்ட்டின் மதிப்பு 2 டாலர் எனக் கொண்டால் தீர்வை 4 டாலர் 75 காசு. எல்லையைத் தாண்டியதும் அதன் அடக்கவிலை 6 டாலர் 75 காசாகிவிடும். இவ்விலைக்கு எவர் இறக்குமதி செய்வர்? தடை என்னும் சொல் அகன்றது, தடை அகலவில்லை.

முற்றிலும் அடைக்கலாகாது என்பதற்காக ஒரு சிறு வாயிலும் வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 332 டன் யோகர்ட் மட்டும் குறைந்த தீர்வையில் வரலாம். தீர்வைக் கோட்டா என்பது இதுவே: குறிப்பிட்ட அளவு வரை சிறு தீர்வை, அதற்கு மேல் பெருந்தீர்வை. அக்காலத்தில் ஏறத்தாழ 29 மில்லியன் மக்கள் வாழ்ந்த நாட்டிற்கு 332 டன் என்றால், தலைக்கு ஓராண்டுக்குச் சுமார் 11 கிராம். ஒரு மேசைக்கரண்டி கூட நிரம்பாது.

அமெரிக்கா விடவில்லை. வட அமெரிக்கத் தடையற்ற வாணிப உடன்பாட்டின்கீழ் எங்கள் பண்டத்திற்குப் புதிய தீர்வை விதிக்கலாகாது என்று மீண்டும் வழக்காடியது. 1996 டிசம்பரில் அவ்வழக்கில் கனடா வென்றது. 2020 ஜூலையில் புதிய வட அமெரிக்க உடன்பாடு நடப்புக்கு வந்தபின் சண்டை இடம் மாறியது. கோட்டா அளவு எவ்வளவு என்பதை விட, கோட்டா உரிமம் எவருக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதே வினாவாயிற்று. உரிமங்களில் பெரும்பங்கை உள்நாட்டுப் பால் ஆலைகளுக்கே கனடா ஒதுக்கியிருந்தது. தமக்குப் போட்டியாக வரும் பண்டத்தை எந்த ஆலை விரும்பி இறக்குமதி செய்யும்? இவ்வழக்கில் முதற் தீர்ப்பு கனடாவுக்கு எதிராகவும், முறையை மாற்றியமைத்த பின் 2023 நவம்பரில் வந்த தீர்ப்பு அதற்கு ஆதரவாகவும் அமைந்தன. நியூசிலாந்தும் இதே குறைபாட்டைப் பசிபிக் வட்டார உடன்பாட்டின்கீழ் எழுப்பி, 2024இல் இணக்கம் கண்டது. அந்தப் பசிபிக் உடன்பாட்டில் 2022 நவம்பர் முதல் மலேசியாவும் உறுப்பு நாடு.

இவ்வளவு போராட்டத்தால் கனடாவின் சிறு பண்ணையாளர் பிழைத்தனரா எனின், விலை நிலைத்து நின்றது. பால் கொட்டகைகள் வாழ்ந்தன. ஆனால் அங்குள்ள குடும்பங்கள் பாலுக்கும் தயிருக்கும் கூடுதல் விலை கொடுக்கின்றன. மேலும், பால் விற்கும் கோட்டாவே பெருஞ்சொத்தாகிவிட்டமையால், கையில் பணமில்லாத ஓர் இளைஞர் புதிதாய்ப் பண்ணை தொடங்குவது அங்கே எளிதன்று. வேலி உள்ளே இருப்போரைக் காத்தது. உள்ளே வர விரும்பியோரையும் தடுத்துவிட்டது.

ஒரே வீட்டில் இரண்டு நியாயங்கள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாயா 1957 அக்டோபரில், சுதந்திரம் பெற்ற சில வாரங்களிலேயே, காட் உடன்பாட்டில் சேர்ந்தது. 1986இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் விளைபொருள் ஏற்றுமதி நாடுகள் கூடி, உழவுப் பண்டங்களுக்கான தடைகளைத் தளர்த்தவேண்டும் எனக் குரலெழுப்ப ஓர் அணி அமைத்தபொழுது, மலேசியாவும் அதில் இருந்தது. வியப்பென்னவெனில் அதே அணியில் கனடாவும் இருந்தது! தன் கோதுமைக்குத் திறந்த கதவு வேண்டும்; தன் தயிருக்கு மூடிய கதவு வேண்டும். இதில் கனடாவை மட்டும் குறை கூறுவதற்கில்லை.

நமக்குச் செம்பனை உண்டு. வெளிநாடுகள் எண்ணெய்க்குத் தீர்வையை உயர்த்தினால் நம் குலைகளின் விலை ஆட்டங்காணும். 2024 செப்டம்பரில் இந்தியா சுத்திகரிக்கப்படாத செம்பனை எண்ணெயின் அடிப்படைத் தீர்வையை ஒன்றுமில்லா நிலையிலிருந்து நூற்றுக்கு 20 ஆக உயர்த்தியது; 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைத்தது. டில்லியில் எழுதப்படும் ஓர் எண் சிலாங்கூரிலும் ஜொகூரிலும் குலை வெட்டும் தொழிலாளி வரை வந்து சேர்கின்றது. ஆகவே செம்பனைத் தொழிலாளி என்ற முறையில், தீர்வைகள் குறையவேண்டும் என்பதே அவர் நலன்.

அதே தொழிலாளி வீட்டின் பின்புறத்தில் இரண்டு கறவை மாடுகளை வைத்திருந்தால்? அப்பொழுது அவர் நலன் வேறாகின்றது. இந்நாட்டில் பால் தொழிலை நெடுங்காலம் தாங்கியவர்கள் இந்தியச் சமூகத்தினரே. கால்நடைச் சேவைத் துறையினர் இந்நாட்டுக் கறவை மாட்டினத்தையே ‘உள்ளூர் இந்தியக் கறவை இனம்’ என்று பெயரிட்டு அழைத்தனர். பின்னர் சாஹிவால், ஃபிரீசியன் கலப்பினங்களும், அவற்றிலிருந்து ‘மாஃபிரிவால்’ என்னும் இனமும் வந்தன. அவர்கள் கறக்கும் பாலுக்கு எதிர்நின்றது ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் பால். அங்கே பரந்த புல்வெளி உண்டு. குளிர்ந்த காற்று உண்டு. ஒரு பண்ணையில் நூற்றுக்கணக்கான மாடுகள் உண்டு. அவ்விலைக்கு இங்கே ஈடுகொடுத்தல் அரிது.

திரவப் பால் நம் நாட்டில் தீர்வைக் கோட்டா முறைக்கென ஒதுக்கப்பட்ட சில பண்டங்களுள் ஒன்று. கோழி, முட்டை, முட்டைக்கோசு ஆகியவையும் அவ்வரிசையில் உள. பால்மாவுக்கோ தீர்வை இல்லை, அல்லது மிகக் குறைவு. இதற்குக் காரணம் உண்டு. தீர்வையில்லாப் பால்மாவு, ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கும் பால் கிடைக்க வழி செய்கின்றது. இது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. ஆயினும் தயிரின் கணக்கில் இதன் விளைவைப் பார்க்கவேண்டும். யோகர்ட் குளிரிலேயே இருக்கவேண்டிய பண்டம். சில வாரங்களே தாங்கும். அதில் பெரும்பகுதி நீர். நீரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடல் கடத்துவதற்குச் செலவு அதிகம். எனவே வணிகர் தயிரைக் கொண்டுவருவதை விட மாவைக் கொண்டுவந்து, இங்குள்ள நீரில் கரைத்து, இங்கேயே உறையவைப்பது இலாபம் எனக் காண்கின்றனர். தயிருக்கு எவ்வளவு உயர்ந்த வேலி கட்டினாலும், மாவு வேறு வாயில் வழியே வந்துவிடுகின்றது. கறந்த பாலை ஆலைக்கு விற்க வரும் பண்ணையாளர், தம் பாலின் விலையைக் கரைத்த மாவின் விலையோடு ஒப்பிட்டே பேரம் பேச வேண்டியவராகின்றார்.

2010 ஜனவரியில் நடப்புக்கு வந்த ஆசியான்–ஆஸ்திரேலியா–நியூசிலாந்து உடன்பாடும், அதே ஆண்டு ஆகஸ்டில் நியூசிலாந்துடன் தனியே ஏற்பட்ட உடன்பாடும், 2013இல் ஆஸ்திரேலியாவுடன் ஏற்பட்டதும் தீர்வைகளை மேலும் குறைத்துள்ளன. தீர்வை குறையக் குறையப் பிற நிபந்தனைகளின் எடை கூடுகின்றது. கால்நடை நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி, பாலாடைக்கட்டியை உறையவைக்கும் ரென்னெட் எவ்விலங்கிலிருந்து, எம்முறையில் பெறப்பட்டது என்னும் ஹலால் வினா ஆகியவை எல்லாம் இன்று தீர்வைக்கு நிகராகப் பண்டங்களைச் சலித்து விடுகின்றன.

இந்நிலையில் உள்ளூர்ப் பண்ணையாளருக்குத் தீர்வையால் கிடைக்கும் காப்பு சிறிதே. கடல் தரும் காப்பே பெரிது. புதிதாய்க் கறந்த பாலை எவராலும் கப்பலில் மலிவாகக் கொண்டுவர இயலாது. காலையில் கறந்து அன்றே குளிரூட்டிய பாலில் உறைந்த தயிருக்கு, மாவில் கரைத்த தயிர் சுவையில் ஈடாகாது என்பது நம் துணிபு. வாங்குவோர் அதனை வேறுபடுத்தி அறிய வழியும் உண்டு. கடையில் யோகர்ட் குவளையை எடுத்தால், அதன்மீது மலாய் மொழியில் அச்சிடப்பட்டுள்ள கலவைப் பட்டியலைப் படிக்கவும். எடையில் மிகுந்தது முதலில் வரும். ‘சூசூ செகார்’ என்றிருந்தால் அது புதுப் பால். ‘தெப்போங் சூசூ’ என்றிருந்தால் பால்மாவு. சில குவளைகளில் இரண்டும் இருக்கும். அப்பொழுது எது முதலில் எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கவேண்டும்.